ரீபிரீதரில் மெஷின் கைவிட்டால் எதில் மூச்சு விடுவது? கொங்குப் பக்கத்து டைவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரீபிரீதர் பேச்சை எடுத்தால் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நம் ஆட்கள் கேட்கிற வரிசை எப்போதும் ஒன்றுதான். விலை என்ன, எந்த மாடல் நல்லது, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம், குமிழே வராதாமே, மீன் பயப்படாமல் பக்கத்திலேயே வருமாமே. மெஷின் மக்கர் பண்ணினால் எதை வாயில் வைத்துக்கொண்டு மேலே வருவது என்கிற கேள்வி பில் போட்ட பிறகுதான் வருகிறது, சில பேருக்கு அப்போதும் வருவதில்லை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்கு மட்டும். பெய்லவுட் என்று டைவர்கள் சொல்கிற அவசர மூச்சு ஏற்பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு கேஸ், எந்த கேஸ், அது எந்த வழியாக வாய்க்கு வந்து சேர வேண்டும், நம் ஊரில் எங்கே பழகுவது என்று வரிசையாகப் போகலாம். கோர்ஸ் முடித்தவர்களுக்கும் முடிக்கப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன்; இதைப் படித்துவிட்டு பயிற்சியாளர் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

புதியவர்களுக்காக ஒரே ஒரு பத்தி. ரீபிரீதரில் நீங்கள் விடும் மூச்சு வெளியே போவதில்லை. குழாய் வழியாகப் போய், சோடா லைம் நிரப்பிய ஸ்க்ரப்பரில் கார்பன் டை ஆக்சைடு நீங்கி, உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் மட்டும் புதிதாகச் சேர்ந்து, திரும்ப உங்கள் வாய்க்கே வருகிறது. இந்தச் சுற்றுக்குப் பெயர் லூப். ஆழம் போகப் போக லூப் சுருங்காமல் இருக்க டைலூயன்ட் என்று இன்னொரு சிறிய சிலிண்டர். ஆக்சிஜன் அளவை வழக்கமாக மூன்று சென்சார்கள் கவனிக்கும். இந்த லூப்பை விட்டு வெளியேறி வேறு ஒன்றிலிருந்து மூச்சு வாங்குவதுதான் பெய்லவுட்.

படி 1: எந்தப் பழுதுக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ரீபிரீதரில் ஆளை வீழ்த்துவது மூன்று: ஆக்சிஜன் குறைவது, ஆக்சிஜன் கூடுவது, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. லூப்பில் தண்ணீர் புகுவதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். சோடா லைமை நனைத்த தண்ணீர் வாய்க்கு வந்தால் தொண்டை வெந்துவிடும், அதற்கும் பதில் லூப்பை விடுவதுதான்.

ஆக்சிஜன் குறைந்தால் முன்னறிவிப்பு கிடையாது. மூச்சு முட்டாது, பயம் வராது, நன்றாக இருக்கிற மாதிரியே இருந்து நினைவு போய்விடும். அந்த நேரத்தில் எந்த பெய்லவுட்டும் கைக்கு எட்டாது. டிஸ்பிளேயை அடிக்கடி பார்க்கிற பழக்கமும், மவுத்பீஸைத் தலையோடு இழுத்துப் பிடிக்கும் பட்டையும், பக்கத்தில் கண் வைத்திருக்கும் கூட்டாளியும்தான் உதவும். சென்சார்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் முரண்டு பிடிக்கும்போது கொஞ்சம் நேரம் இருக்கிறது. டைலூயன்டால் லூப்பை நன்றாக அலசினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்கில் தெரிந்துவிடும்: டைலூயன்ட் சாதாரணக் காற்று என்றால் கடலில் 40 மீட்டரில் ஆக்சிஜனின் அழுத்தம் 1.05 பார். எந்த சென்சார் அதற்குப் பக்கத்தில் காட்டுகிறதோ அதை நம்பலாம். எலக்ட்ரானிக்ஸ் மட்டும் போயிருந்தால் கையால் ஆக்சிஜன் விட்டோ, அவ்வப்போது ஒரு மூச்சை வெளியே விட்டுப் புது கேஸ் சேர்க்கும் பாதி மூடிய முறையில் ஓட்டியோ லூப்பிலேயே மேலே வர முடியும். கோர்ஸில் இதையெல்லாம் சொல்லித் தருவார்கள், பழகி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெய்லவுட்டின் அளவை இந்தப் பழுதுகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அளவைத் தீர்மானிக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடு.

ஏன் என்றால், நமக்கு மூச்சு வாங்க வைப்பதே அதுதான். ரத்தத்தில் அது ஏறினால் மூச்சு ஏறும், இன்னும் ஏறினால் தலைவலி, பதற்றம், முடிவெடுக்க முடியாத ஒரு குழப்பம், அதற்கு மேல் மயக்கம். சோடா லைம் தீர்ந்து போயிருக்கலாம், சரியாகத் தட்டி நிரப்பாததால் நடுவில் கேஸ் வழி பிடித்து ஓடலாம், ஓ-ரிங் ஒன்றை மாட்ட மறந்திருக்கலாம், இல்லையென்றால் மஷ்ரூம் வால்வு. நம் ஊர் விவசாயிக்கு புட்வால்வு தெரியும்: கிணற்று மோட்டார் குழாயின் அடியில் அந்த வாஷர் சரியாக உட்காராவிட்டால் ஏறின தண்ணீர் ஏறின வழியே இறங்கிவிடும், மோட்டார் சும்மா சுற்றும். மவுத்பீஸின் இரண்டு பக்கமும் இருக்கும் மஷ்ரூம் வால்வுக்கும் அதே வேலை, மூச்சு ஒரே திசையில் போக வேண்டும். மெல்லிய ரப்பர் தட்டு, ஓரம் கொஞ்சம் மடங்கினாலோ அடியில் ஒரு முடி சிக்கினாலோ போதும், விட்ட மூச்சு ஸ்க்ரப்பர் பக்கம் போகாமல் அப்படியே திரும்பி வரும். டைவுக்கு முன் ஒவ்வொரு பக்கக் குழாயையும் கையால் அடைத்து ஊதியும் உறிஞ்சியும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

"இறங்கும் முன் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பார்ப்போமே, ஸ்க்ரப்பர் கெட்டிருந்தால் தெரிந்துவிடுமே" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். 2015-இல் வந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது. ஸ்க்ரப்பர் அடியோடு இல்லாமலே மூச்சு விடச் சொன்னபோதும் சிலர் ஐந்து நிமிடமும் ஒன்றும் உணரவில்லை. ஸ்க்ரப்பரைச் சுற்றி கேஸ் பாதி கசியும்படி வைத்தபோது பெரும்பாலோர் உணரவே இல்லை. ஐந்து நிமிட மூச்சு மற்ற விஷயங்களைச் சரிபார்க்க நல்லது, கார்பன் டை ஆக்சைடுக்கு அது சோதனையாகாது.

மெஷினில் ஒரு பழுதும் இல்லாமலேயே இது வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஜனவரி 8-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் புஷ்மன்ஸ் ஹோல் என்ற தண்ணீர் நிறைந்த குகையில் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் ரீபிரீதர் டைவர் டேவிட் ஷா இறந்தார். பத்து வருடத்துக்கு முன் அங்கே இறந்துபோன டியான் டிரையரின் உடலை மேலே கொண்டுவரப் போனவர். அவர் தலையில் இருந்த கேமரா அவருடைய மூச்சுச் சத்தத்தைப் பதிவு செய்திருந்தது, உடலோடு போராடப் போராட மூச்சு வேகமாகிக்கொண்டே போனது அதில் கேட்கிறது. அடர்த்தியான கேஸ், கடுமையான உடல் உழைப்பு, வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிய கார்பன் டை ஆக்சைடு என்பதுதான் பிறகு மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னது. அந்த ஆழத்துக்கு நாம் யாரும் போகப் போவதில்லை. ஆனால் 30 மீட்டரில் நீரோட்டத்தை எதிர்த்து ஐந்து நிமிடம் துடுப்பு அடித்தால் சின்ன அளவில் அதே கதைதான்.

படி 2: மூச்சிரைக்கிற ஆளுக்குக் கணக்குப் போடுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சோபாவில் உட்கார்ந்து திட்டம் போடும்போது "எனக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர்தான் செலவாகும்" என்று எழுதுவார்கள். உண்மைதான், நிம்மதியாக இருக்கும்போது. பெய்லவுட் எடுக்கிற ஆள் நிம்மதியாக இருக்கிறவர் இல்லை. கார்பன் டை ஆக்சைடு ஏறின உடம்பு 40 லிட்டரைச் சர்வ சாதாரணமாக இழுக்கும், அதற்கு மேலும் போகும். நல்ல கேஸுக்கு மாறிய பிறகும் உடனே அடங்காது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கடல், ஆழம் 40 மீட்டர், அதாவது 5 பார் அழுத்தம். அடியில் மூன்று நிமிடம் நிலைப்படுத்திக்கொள்ள, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 6 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய நான்கு நிமிடம், பிறகு 6 மீட்டரில் பத்து நிமிட டீகோ நிறுத்தம் (உடம்பில் கரைந்த கேஸ் மெதுவாக வெளியேறக் காத்திருப்பது) என்று வைத்துக்கொள்வோம்.

15 லிட்டர் ஆளுக்கு: அடியில் 3 × 5 × 15 = 225. ஏறும்போது சராசரி ஆழம் 23 மீட்டர், 3.3 பார், 4 × 3.3 × 15 = 198. நிறுத்தத்தில் 10 × 1.6 × 15 = 240. மொத்தம் 663 லிட்டர். 40 கன அடி அலுமினிய சிலிண்டரில், அதாவது 5.7 லிட்டர் கொள்ளளவுள்ளதில், 200 பாரில் 1140 லிட்டர் இருக்கும். தாராளமாகப் போதும் என்று தோன்றும்.

இப்போது அதே ஆளுக்கு மூச்சிரைக்கிறது. அடியில் 3 × 5 × 40 = 600. ஏறும்போது 4 × 3.3 × 40 = 528. நிறுத்தத்தில் கொஞ்சம் அடங்கி 25 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 10 × 1.6 × 25 = 400. மொத்தம் 1528 லிட்டர். அந்தச் சின்ன சிலிண்டர் நிறுத்தத்துக்கு வரும்போதே காலி. வேண்டியது 80 கன அடி சிலிண்டர்: 11.1 லிட்டர், 200 பாரில் 2220 லிட்டர், கடைசி 30 பாரை நம்பாமல் தள்ளிவிட்டாலும் 1880-க்குக் குறையாது.

இரண்டு சிலிண்டருக்கும் எடை வித்தியாசம் இருக்கிறது, தோளில் தொங்கும்போது இடைஞ்சல்தான், போட்டோவில் அழகாகவும் இருக்காது. இருக்கட்டும். 20 மீட்டருக்குள், டீகோ இல்லாமல், நேராக மேலே வர முடிகிற டைவ் என்றால் சின்ன சிலிண்டர் போதும், அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கணக்கைப் போடும்போது டைவின் மிக மோசமான இடத்திலிருந்து தொடங்குங்கள். நேராக மேலே ஏற முடிகிற கடலில் அது ஆழமான புள்ளி. கப்பலுக்குள்ளோ குகைக்குள்ளோ போனால் வாசலிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிற புள்ளி, அங்கேயிருந்து நீந்தி வெளியே வருகிற நேரம் முழுவதும் அந்த ஆழத்தின் அழுத்தத்தில் கணக்கில் ஏறும். மெஷின் கெடுகிற நேரம் பாதி வழியில் என்று நாமே வசதியாக முடிவு செய்துகொள்ள முடியாது.

படி 3: எந்த கேஸ்

பெய்லவுட் கேஸ் அந்த ஆழத்தில் மூச்சு விடக்கூடியதாக இருக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். ஆக்சிஜன் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, வேலை செய்கிற ஆழத்தில் 1.4 பாரைத் தாண்ட வேண்டாம், டீகோவில் 1.6 வரை போகலாம். 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காற்று) 1.4-க்குக் கிட்டத்தட்ட 34 மீட்டர் வரை. 50 சதவீதம் 1.6-க்கு 22 மீட்டர், பலரும் 21 என்றே எழுதுவார்கள்.

பலர் விட்டுவிடுவது அடர்த்தி. ஆழத்தில் கேஸ் கனமாகிறது, கனமான கேஸை இழுக்கவும் தள்ளவும் நெஞ்சு கூடுதலாக உழைக்கிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது குறைகிறது. லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 6.2-ஐ எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள் என்பது இப்போது டெக்னிக்கல் டைவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட எல்லை. சாதாரணக் காற்று 30 மீட்டரைத் தாண்டினவுடன் 5.2-ஐத் தொட்டுவிடும், 40 மீட்டரில் 6.4. அதாவது 40 மீட்டரில் மூச்சு முட்டி லூப்பை விட்ட ஆள் காற்று நிரப்பின பெய்லவுட்டை வாயில் வைத்தால், எந்தச் சிக்கலிலிருந்து தப்பி வந்தாரோ அதிலேயே இன்னொரு கால் வைக்கிறார். 21 சதவீத ஆக்சிஜன், 35 சதவீத ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ் அதே ஆழத்தில் 4.6 கிராம்தான். ஹீலியம் விலை கண்ணைக் கட்டும், தெரியும். பணம் இல்லையென்றால் ஆழத்தைக் குறையுங்கள், 30 மீட்டரில் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விடாது.

சிலிண்டரின் கழுத்திலும் உடம்பிலும் அதிகபட்ச ஆழத்தை மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கேஸை நிரப்பின கடைக்காரர் சொன்னதை நம்பாமல் அனலைஸரில் நீங்களே பார்த்த பிறகு எழுதுங்கள்.

படி 4: வாய்க்கு வந்து சேருகிற வழி

எவ்வளவு கேஸ் தூக்கிக்கொண்டு போனாலும் அது முதல் மூச்சில் வாய்க்கு வர வேண்டும். பயங்கரமாக மூச்சு வாங்குகிற ஆளுக்கு மவுத்பீஸை மூடி, எடுத்து, சிலிண்டர் கேஸை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தருகிற, இடுப்பில் தொங்கும் ரெகுலேட்டரைத் தேடி, வாயில் வைத்து, தண்ணீரை ஊதித் தள்ளி என்று ஐந்தாறு வேலை. மூச்சை இரண்டு நொடி பிடித்து வைக்கச் சொன்னாலே அவரால் முடியாது. லூப் விஷம் என்று தெரிந்தும் மவுத்பீஸைக் கடித்துக்கொண்டே இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு வந்ததுதான் பெய்லவுட் வால்வ். மவுத்பீஸிலேயே ஒரு ரெகுலேட்டர் சேர்ந்திருக்கும், வாயிலிருந்து எதையும் எடுக்காமல் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் லூப் மூடி ஓப்பன் சர்க்யூட், அதாவது விட்ட மூச்சு குமிழாக வெளியே போகிற சாதாரண முறை, திறந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். குறைகள் இல்லாமல் இல்லை: வாயில் எடை கூடும், ஒரு மணி நேரத்தில் தாடை வலிக்கும், கசிய ஓர் இடம் அதிகம், அதோடு சில மாடல்களில் இருக்கும் ரெகுலேட்டர் நல்ல தனி ரெகுலேட்டர் அளவுக்குச் சுலபமாக மூச்சு தராது. வாங்கும் முன் கடன் வாங்கியாவது ஆழத்தில் ஒருமுறை வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள், நீச்சல் குளத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

வாங்கினவர்களிடம் நான் கேட்பது ஒன்று: அந்த வால்வுக்கு கேஸ் எங்கேயிருந்து வருகிறது? முதுகில் இருக்கும் டைலூயன்ட் சிலிண்டரில் இணைத்திருந்தால் அதில் இருப்பது 3 லிட்டர், 200 பாரில் 600 லிட்டர், அதுவும் டைவ் தொடங்கும்போது. 40 மீட்டரில் 40 லிட்டர் ஆளுக்கு நிமிடத்துக்கு 200 லிட்டர். முழு சிலிண்டரே மூன்று நிமிடம்தான். அப்படி இணைத்திருந்தால் அதை நாலு மூச்சு வாங்கித் தலை தெளியவும், பிறகு பெரிய சிலிண்டரின் ரெகுலேட்டருக்கு மாறவும் மட்டும் என்று மனதில் வைத்துப் பழகுங்கள். பக்கவாட்டு பெய்லவுட் சிலிண்டரிலிருந்தே நேராக இணைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை, ஆனால் அந்த இணைப்பு ஹோஸ் கழன்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெய்லவுட் வால்வ் வேண்டாம் என்றால் கழுத்தில் எலாஸ்டிக் வளையத்தில் தொங்கும் ரெகுலேட்டர். தாடைக்குக் கீழே, குனிந்தால் உதட்டில் படுகிற உயரத்தில் இருக்க வேண்டும். வளையம் தொளதொளவென்று இருந்தால் ரெகுலேட்டர் தோளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், ரொம்ப இறுக்கமாக இருந்தால் வாயோடு சேர்த்துக் கழுத்தையும் இழுக்கும். இது மலிவு, எளிது, நிதானமான ஆளுக்கு நன்றாக வேலை செய்யும். சிலிண்டரின் வாயோடு கிளிப் போட்டு மடக்கி வைத்திருக்கும் ரெகுலேட்டரை முதல் பெய்லவுட்டாக வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. டீகோ சிலிண்டருக்கு அது சரி.

முதல் பெய்லவுட் சிலிண்டரின் வால்வைத் திறந்தே வைப்பதா, ஹோஸில் அழுத்தம் ஏற்றிவிட்டு மூடி வைப்பதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. மூடி வைத்தால் கசிந்து காலியாகாது, ஆனால் அவசரத்தில் இரண்டு மூச்சில் நின்றுவிடும். நான் முதல் பெய்லவுட்டைத் திறந்தும் டீகோ சிலிண்டரை மூடியும் வைப்பேன். கூட வருகிறவர் வேறு மாதிரி செய்தால் இறங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: தனக்குத் தானா, குழுவுக்குச் சேர்த்தா, இன்னொரு ரீபிரீதரா

மூன்று பேர் போகிறோம், ஒரே நேரத்தில் மூன்று மெஷினும் கெடாது, ஒன்றரை ஆளுக்குத் தேவையான கேஸைப் பிரித்துத் தூக்கிக்கொள்ளலாம் என்பது குழு பெய்லவுட். கணக்கில் ஓட்டை இல்லை. நடைமுறையில் மூன்று பேரும் கடைசிவரை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புதுச்சேரிப் பக்கம் கடல் கலங்கின நாளில் கூட வந்தவரின் துடுப்பே கண்ணுக்குத் தெரியாது. நம் கடலில் அவரவர் பெய்லவுட் அவரவர் இடுப்பில் இருக்கட்டும்.

பெய்லவுட்டுக்கு இன்னொரு ரீபிரீதரையே மாட்டிக்கொண்டு போவது ஆழமான, நீளமான குகை டைவ்களுக்கான வழி. அங்கே வெளியே வர ஓப்பன் சர்க்யூட் சிலிண்டர்களை மலை மாதிரி அடுக்க வேண்டியிருக்கும், அதனால்தான். அதைச் சும்மா தொங்கவிட முடியாது: ஆழம் மாறும்போது அந்த இரண்டாவது லூப்பின் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும், தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சிரைக்கிற ஆள் அதற்கு மாறும் முன் ஓப்பன் சர்க்யூட்டில் கொஞ்சம் அடங்கியாக வேண்டும். 60 மீட்டருக்குள் கடலில் டைவ் செய்கிறவருக்கு இது தேவையில்லாத செலவு என்பேன்.

படி 6: சிலிண்டர், நிரப்பல், நம் ஊர் வெயில்

கோவையில் பட்டறைகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் ஏஜென்சிகளுக்குப் பஞ்சமில்லை. அதற்காகப் பெரிய சிலிண்டரிலிருந்து வீட்டிலேயே மாற்றி நிரப்பலாம் என்று கிளம்பாதீர்கள். சிலிண்டருக்கு மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரமும் நிரப்புகிறவருக்கு உரிமமும் வேண்டும், 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகள் அதைத்தான் சொல்கின்றன. அதற்கும் மேலே, எண்ணெய்ப் பிசுக்குள்ள பட்டறையில் உயர் அழுத்த ஆக்சிஜன் என்பது தீ விபத்துக்கு நாள் குறிப்பது.

ஏப்ரல் வெயிலில் காரின் பின்பக்கம் கிடந்த சிலிண்டர் 45 டிகிரியில் 200 பார் காட்டினால் 28 டிகிரி தண்ணீரில் அது 189 பார்தான். கணக்கைத் தண்ணீர்ச் சூட்டில் போடுங்கள். அதே வெயில் ஆக்சிஜன் சென்சாரைச் சீக்கிரம் கிழவனாக்கும், திறந்து வைத்த சோடா லைமின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஈரம் போன சோடா லைம் ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டையும் மூடின டப்பாவில், நிழலில் வையுங்கள். ஸ்க்ரப்பர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கம்பெனி போடும் எண் ஒரு குறிப்பிட்ட உழைப்பில், 4 டிகிரித் தண்ணீரில், 40 மீட்டரில் எடுத்த சோதனைக்கானது. நம் தண்ணீர் சூடு என்பதால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 411 மீட்டர். 300 மீட்டருக்கு மேலே என்றாலே உயரப் பகுதி டைவ் என்றுதான் பயிற்சி அமைப்புகள் எடுத்துக்கொள்கின்றன. இங்கே சுத்த ஆக்சிஜனில் சென்சாரைக் கேலிபிரேட் செய்தால் 1.0 வராது, 0.96 பக்கம்தான் வரும். உங்கள் ஹேண்ட்செட் (ரீபிரீதரின் டிஸ்பிளே) காற்றழுத்தத்தைத் தானே அளந்துகொள்கிறதா, நீங்கள் எண் போட வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள்.

படி 7: பழகுகிற இடம்

ஆழியாறு, பவானிசாகர், மேட்டூர் எல்லாம் நீர்வளத்துறையின் அணைகள், அனுமதி இல்லாமல் இறங்குகிற இடமில்லை. பல்லடம் பக்கத்துப் பாறைக்குழிகளை நினைக்காதீர்கள், அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் தோட்டத்தில் படிக்கட்டு வைத்த, வாய் அகன்ற பாசனக் கிணறு, 80 அடித் தண்ணீர், மோட்டார் நிறுத்தி ஃபியூஸ் கையில், மேலே கயிறோடு இரண்டு பேர் என்றால் பயிற்சிக்கு நல்ல இடம். மூடின கிணறோ, தண்ணீர் ரொம்பக் கீழே கிடக்கும் குறுகலான கிணறோ வேண்டாம். தூர் வார இறங்கினவர் விஷவாயுவில் விழ, காப்பாற்றப் போனவரும் விழுந்த செய்தி நம் பக்கத்தில் புதிது இல்லை. தண்ணீருக்கு மேலே வந்துவிட்டோம் என்று அங்கே ரெகுலேட்டரைக் கழற்றக் கூடாது.

பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் நாங்கள் சாமான் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங் தம்பி, அந்த மிசினு நின்னு போச்சுன்னா?" என்றார். "இன்னொரு சிலிண்டர் இருக்குதுங்கய்யா, அதுக்கு மாத்திக்குவோம்" என்றேன். "மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறப்ப மாத்த முடியுமுங்களா?" கோர்ஸ் நடத்துகிறவர்கள் கூட இவ்வளவு சுருக்கமாகக் கேட்க மாட்டார்கள்.

அதனால் நிதானமாக மிதந்துகொண்டு ரெகுலேட்டர் மாற்றிப் பழகுவதோடு நிறுத்தாதீர்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஆழம் குறைந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வேகமாக நீந்தி மூச்சு ஏறின நிலையில் மாற்றுங்கள். கண்ணை மூடி மாற்றுங்கள். இடது கையால் மட்டும். மாற்றின பிறகு "சரி, முடிந்தது" என்று லூப்புக்குத் திரும்பாமல் மேலே வரும் வரை பெய்லவுட்டிலேயே வாருங்கள், அப்போதுதான் மிதப்பு எப்படி மாறுகிறது, லூப்பில் மாட்டின கேஸ் மேலே வரும்போது விரிந்து எப்படி இழுக்கிறது, எத்தனை பார் உண்மையில் செலவானது என்று தெரியும். அந்த எண்ணை எழுதி வைத்து படி 2-இல் நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கக் கிணறுகளில் ஒரு தனித் தொல்லை, தென்னை நார். ரெகுலேட்டரின் வெளிமூச்சு ரப்பருக்கு அடியில் ஒரே ஒரு இழை படுத்துக்கொண்டால் ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர்த் துளி தொண்டைக்கு வரும். மேலே வந்தவுடன் ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் அலசி, மூடியைக் கழற்றி, அந்த ரப்பரின் ஓரத்தை விரலால் தூக்கிப் பாருங்கள். பழுப்பாக, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பெய்லவுட் எடுத்து மேலே வந்த பிறகு

உண்மையிலேயே எடுக்க வேண்டி வந்தால், கரையில் எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் அன்றைய டைவ் முடிந்தது. தலைவலி, குமட்டல் கொஞ்ச நேரம் இருக்கும். வேகமாக ஏறியிருந்தாலோ நிறுத்தத்தைச் சுருக்கியிருந்தாலோ ஆக்சிஜன் கொடுங்கள், டைவிங் மருத்துவரிடம் பேசுங்கள், ரீகம்ப்ரஷன் சேம்பர் (ஆளை உள்ளே வைத்து மறுபடி அழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தரும் அறை) எந்த ஊரில் இருக்கிறது, எண் என்ன என்பதை இறங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மெஷினைக் கழுவிப் பிரித்து மேய வேண்டாம். டிஸ்பிளேயில் இருக்கும் பதிவு, ஸ்க்ரப்பர், வால்வுகள் எல்லாம் அப்படியே இருந்தால்தான் பழுது எது என்று கண்டுபிடிக்க முடியும். சிலிண்டர்களை மட்டும் மூடி, மீதி அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, லூப்பைத் தனியாக வையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியையும் பாருங்கள். முருடேஸ்வரிலிருந்து நேத்ராணி தீவில் டைவ் செய்துவிட்டு மைசூர், திம்பம் வழியாக சத்தியமங்கலத்துக்கு இறங்குகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. 600 மீட்டருக்கு மேலே ஏறுவதையே விமானத்தில் பறப்பது மாதிரிதான் கணக்கில் எடுக்க வேண்டும், மைசூரே அதைத் தாண்டிவிடும். டீகோ இல்லாத ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18, டீகோ செய்திருந்தால் அதைவிட நிறையக் காத்திருக்க வேண்டும், பலரும் 24 என்றே வைத்துக்கொள்கிறார்கள். பெய்லவுட் எடுத்த நாளில் அங்கேயே ஒரு ரூம் போட்டுத் தங்கிவிடுங்கள், ஊட்டிக்கு ஏறுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.